ஸ்னோடன் ஹார்ஸ்ஷூ சுற்று: ஆப் 4 மணி நேரம் என்கிறது, போய் வந்தவர் 7 என்கிறார். எது சரி? (அவசரம்)

லூட்டன் கார்த்தி | திங்கள், இரவு 11:42

வணக்கம். இந்த வார இறுதியில் வேல்ஸில் உள்ள ஸ்னோடன் மலையின் ஹார்ஸ்ஷூ (குதிரைலாட வடிவ முகட்டுச் சுற்று) போகிறோம், கிரிப் கோக் என்ற குறுகிய பாறை முகடு வழியாக. போன் ஆப்பில் பாதையை ஏற்றினால் 12 கிமீ, 1000 மீட்டர் ஏற்றம், 4 மணி 10 நிமிடம் என்று காட்டுகிறது. ஆனால் அலுவலகத்தில் போய் வந்த ஒருவர் 7 மணி நேரம் ஆனது என்கிறார். ஏன் இவ்வளவு வித்தியாசம்? மதியம் 12 மணிக்கு நடக்க ஆரம்பித்தால் போதுமா? வானிலை பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறது. நாளைக்குள் முடிவு செய்யணும், சீக்கிரம் சொல்லுங்கள்.

பர்மிங்காம் செல்வம் | திங்கள், இரவு 11:58

சனியா ஞாயிறா? எத்தனை பேர்? இதற்கு முன் கையால் பிடித்து ஏறுகிற மலை எதுவும் ஏறியிருக்கிறீர்களா? எந்தப் பக்கமிருந்து சுற்றுகிறீர்கள்? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

பாறைப்பல்லி | செவ்வாய், காலை 6:20

ஷூ என்ன? அதை முதலில் சொல்லுங்கள். அந்த மலையில் நான் பார்த்த வழுக்கல்களில் பாதி ஓடுகிற ஷூவால் வந்தவை. அடிப்பாகம் மெத்தென்று வளைந்தால் சின்ன விளிம்பில் கால் நிற்காது. மற்றதெல்லாம் அப்புறம்.

மலைநாடன் | செவ்வாய், காலை 7:05

இந்தக் குழுவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். ஒவ்வொரு அக்டோபரிலும் இதே கேள்வி வருகிறது. கேள்வி கேட்கும் முன் ஒரு வரைபடத்தையாவது விரித்துப் பார்த்திருக்க வேண்டும். ஓ.எஸ். (ஆர்டினன்ஸ் சர்வே) எக்ஸ்ப்ளோரர் ஓ.எல். 17. போனில் நீலக் கோட்டைப் பார்த்து நடக்கிறவர்களுக்கான இடமில்லை கிரிப் கோக். அதில் ஏறத் தகுதி இருக்கிறதா என்று கேட்க வேண்டிய நிலையில் இருந்தால், இல்லை என்பதுதான் பதில்.

யாழ்நிலா | செவ்வாய், காலை 7:31

மலைநாடன் அண்ணா, கேட்காமல் போகிறவர்களைவிடக் கேட்டுவிட்டுப் போகிறவர் மேல் அல்லவா. அவரை விரட்டிவிட வேண்டாம்.

கார்த்தி தம்பி, நேர வித்தியாசத்துக்குக் காரணம் இதுதான். ஆப்புகள் பெரும்பாலும் நெய்ஸ்மித் கணக்கையோ அதைப் போன்ற ஒன்றையோ வைத்துத்தான் நேரம் போடும். 1892 இல் ஸ்காட்லாந்து மலையேறி ஒருவர் சொன்ன விதி அது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. உங்கள் 12 கிமீயை 5 ஆல் வகுத்தால் 2 மணி 24 நிமிடம். 1000 மீட்டர் ஏற்றத்துக்கு 1 மணி 40. கூட்டினால் 4 மணி 4 நிமிடம். உங்கள் ஆப் சொன்னதும் ஏறக்குறைய அதுதானே.

அந்த விதி நல்ல பாதையில் நிற்காமல் நடக்கிறவருக்கானது. கிரிப் கோக் முகடு சில நூறு மீட்டர்தான், ஆனால் அங்கே யாரும் மணிக்கு 5 கிமீ போவதில்லை. கையால் முகட்டைப் பிடித்து, காலை இடப் பக்கம், அதாவது லின் லிடாவ் ஏரியைப் பார்த்த பக்கம், சற்றுக் கீழே வைத்து நகர வேண்டும். வலப் பக்கம் செங்குத்துப் பள்ளம். அப்புறம் கூர்முனைப் பாறைகள். முன்னால் ஒருவர் பயந்து நின்றால் பின்னால் வரிசையே நிற்கும். ஏற்றமும் ஒன்றல்ல. தொடங்குகிற பென்-இ-பாஸ் 359 மீட்டர். கிரிப் கோக் 923க்கு ஏறி, இறங்கி, கார்நெத் இகைன் 1065, இறங்கி, ஸ்னோடன் உச்சி 1085, நன்றாக இறங்கி, மறுபடி கடைசிச் சிகரம் லிவெத் 898. கடைசி ஏற்றம் வரும்போது கால் ஏற்கெனவே களைத்திருக்கும். எனக்கு இரண்டு முறையும் ஏழரை மணி நேரம் ஆனது.

லூட்டன் கார்த்தி | செவ்வாய், பகல் 1:10

நன்றி அக்கா. ஞாயிறு. நாலு பேர்: நான், மச்சான், இரண்டு நண்பர்கள். ஹைக்கிங் ஷூ இருக்கிறது. ஊரில் வெள்ளியங்கிரி ஏழு மலையும் இரண்டு தடவை ஏறியிருக்கிறோம். மச்சானுக்கு உயரம் என்றால் கொஞ்சம் பயம், ஆனால் வெள்ளியங்கிரியில் சமாளித்தான். காலையில் லூட்டனிலிருந்து காரில் நேராக வருகிறோம்.

பர்மிங்காம் செல்வம் | செவ்வாய், பகல் 1:25

ஞாயிறா! சனி இரவு கடிகாரம் மாறுகிறது, கவனித்தீர்களா? அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. ஞாயிறு அங்கே சூரியன் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். 12க்குக் கிளம்பி ஏழரை மணி நேரம் என்றால், லிவெத்திலிருந்து பாறைப் பாதையில் இறங்கும்போது கும்மிருட்டு. லூட்டனிலிருந்து வர நாலரை மணி நேரமாவது ஆகும். அவ்வளவு தூரம் ஓட்டிக் களைத்த உடம்போடு முகட்டில் நிற்கப் போகிறீர்களா? சனி இரவே வந்து தங்குங்கள். பென்-இ-பாஸிலேயே யூத் ஹாஸ்டல் இருக்கிறது. அங்குள்ள கார் நிறுத்தத்துக்கு முன்பதிவு வேண்டும், அதையும் பாருங்கள். இடம் இல்லையென்றால் நான்ட் பெரிஸில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் மேலே வரலாம்.

திருவண்ணாமலை குமரன் | செவ்வாய், மாலை 4:40

வெள்ளியங்கிரி கடினமான மலைதான், யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அங்கே வேண்டியது கால் பலமும் மூச்சும். இருபக்கமும் வெறும் காற்று என்கிற இடம் அங்கே கிடையாது. ஊரில் ஒப்பிட ஏதாவது வேண்டுமென்றால் பர்வதமலையின் கடப்பாரைப் படியைச் சொல்வேன். அங்கேயும் பாறையில் அடித்த இரும்பு இருக்கிறது, பிடித்துக்கொள்ளலாம். கிரிப் கோக்கில் கம்பியும் இல்லை, சங்கிலியும் இல்லை. மச்சானிடம் பர்வதமலை போயிருக்கிறாரா, அங்கே எப்படி உணர்ந்தார் என்று கேளுங்கள்.

பாறைப்பல்லி | செவ்வாய், மாலை 5:15

பயப்படுகிறவர் இருக்கிறார் என்றால் 30 மீட்டர் கயிறு ஒன்று எடுத்துப் போங்கள். இடுப்பில் கட்டினாலே பாதிப் பயம் போய்விடும்.

யாழ்நிலா | செவ்வாய், மாலை 5:22

வேண்டவே வேண்டாம். கயிற்றைப் பாறையில் எங்கே போட்டு நிறுத்துவது என்று தெரியாத நாலு பேர் ஒன்றாகக் கட்டிக்கொண்டால், ஒருவர் விழும்போது நாலு பேரும் போவார்கள். கயிறு தெரிந்த ஒருவர் கூட வந்தால் அது வேறு விஷயம்.

பாறைப்பல்லி | செவ்வாய், மாலை 5:40

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். பழகாத கயிறு ஆபத்துதான். ஆனால் திசையை மாற்றலாம். லிவெத்தில் முதலில் ஏறினால் கை பழகும், கிரிப் கோக் வரும்போது துணிச்சல் வந்திருக்கும்.

மலைநாடன் | செவ்வாய், மாலை 6:02

தவறான யோசனை. கிரிப் கோக்கின் கிழக்குப் பாறையில் ஏறுவது எளிது, இறங்குவது கடினம். ஏறும்போது பிடிமானம் கண்ணுக்கு நேரே இருக்கும், இறங்கும்போது காலுக்குக் கீழே தேட வேண்டும். அதைக் களைப்போடு, மாலை வெளிச்சத்தில் செய்யச் சொல்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் எதிர்த் திசையில் வருவார்கள், குறுகிய முகட்டில் அவர்களுக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். கிரிப் கோக் முதலில்தான்.

கார்த்தி, ஒன்றை மனதில் வையுங்கள். முகட்டில் ஏறிவிட்டால் நடுவில் இறங்க வழி கிடையாது. பக்கவாட்டில் புல்சரிவு இறங்கலாம் போலத் தெரியும், அதை நம்பி இறங்கியவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டு மீட்புக் குழு வரும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். லான்பெரிஸ் மீட்புக் குழுவில் இருப்பவர்கள் தன்னார்வலர்கள், சம்பளம் இல்லாமல் வருகிறவர்கள். முடிவு எடுக்க வேண்டிய இடம் புல்க் எ மோக் கணவாய். அங்கே முகட்டில் ஏறாமல் உச்சிக்குப் போகிற பிக் பாதை இடப்பக்கம் போகும், கிரிப் கோக் வலப்பக்கம். ஒருவருக்குத் தயக்கம் இருந்தாலும் நாலு பேரும் பிக் பாதை.

தேம்ஸ்கரை வாசு | செவ்வாய், இரவு 8:30

ஒரு சின்ன வேண்டுகோள். மலையை எர் வித்வா என்று எழுதலாமே. 2022 நவம்பரிலேயே அந்தத் தேசியப் பூங்கா வெல்ஷ் பெயர்களைத்தான் முதலில் பயன்படுத்துவது என்று முடிவு செய்துவிட்டது.

பர்மிங்காம் செல்வம் | செவ்வாய், இரவு 8:41

வாசு, அவர் ஞாயிறு மலை ஏறப்போகிறார். வழி தேடும்போது ஸ்னோடன் என்று போட்டால்தான் பாதி விஷயங்கள் கிடைக்கும். பெயர் விவாதம் தனி இழையில் வையுங்கள்.

தேம்ஸ்கரை வாசு | செவ்வாய், இரவு 8:55

உதகமண்டலத்தை ஊட்டகமண்ட் என்று எழுதினபோது நமக்கு எப்படி இருந்தது? வித்வா என்றால் புதைமேடு. ரித்தா என்ற அரக்கனை ஆர்தர் கொன்று அங்கே புதைத்ததாகக் கதை. கிரிப் கோக் என்றால் சிவந்த முகடு, புல்க் எ மோக் பன்றிக் கணவாய். அர்த்தம் தெரிந்தால் வழியும் நினைவில் நிற்கும்.

திருவண்ணாமலை குமரன் | செவ்வாய், இரவு 9:10

நாமே ஊட்டி என்றுதான் சொல்கிறோம் வாசு. பேச்சில் ஒன்று, பலகையில் ஒன்று. இரண்டும் இருக்கட்டும். ஆனால் செம்முகடு என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது.

மலைநாடன் | செவ்வாய், இரவு 9:15

ஓ.எஸ். வரைபடத்தில் இரண்டு பெயரும் இருக்கிறது. அவசர எண் 999க்குக் கூப்பிட்டால் எந்தப் பெயர் சொன்னாலும் புரியும். போலீஸ் கேட்டு, பிறகு மலை மீட்பு கேட்க வேண்டும். இதோடு விடுங்கள்.

யாழ்நிலா | செவ்வாய், இரவு 9:34

தம்பி, வானிலை நன்றாக இருக்கிறது என்றீர்களே, எந்த இடத்துக்குப் பார்த்தீர்கள்? காற்று எவ்வளவு?

லூட்டன் கார்த்தி | புதன், காலை 8:02

லான்பெரிஸ் ஊருக்குப் பார்த்தேன் அக்கா. வெயில், 13 டிகிரி. காற்று கவனிக்கவில்லை.

யாழ்நிலா | புதன், காலை 8:20

அது கீழே உள்ள ஊர். நீங்கள் நிற்கப்போவது 900 மீட்டருக்கு மேலே. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஏழு டிகிரி குறையும், காற்று அதற்கு மேலும் குளிர வைக்கும். மெட் ஆபீஸின் (பிரிட்டன் வானிலை மையம்) மலை வானிலைப் பக்கத்தில் 900 மீட்டர் உயரத்துக்கான காற்று வேகம் தனியாக இருக்கும், வீச்சு எவ்வளவு என்றும் பாருங்கள். மணிக்கு 30 மைல் தாண்டினால் நான் அந்த முகட்டில் கால் வைக்க மாட்டேன். பாறை ஈரமாக இருந்தால் அதற்குக் குறைவாக இருந்தாலும் வைக்க மாட்டேன்.

கிரிப் கோக் நன்றாக முடிந்தாலும் முழுச் சுற்றும் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கார்நெத் இகைன் தாண்டி புல்க் கிளாஸ் கணவாய் வந்ததும் மணி பாருங்கள். ஒரு மணி ஆகிவிட்டதென்றால் உச்சியைத் தொட்டுவிட்டு அதே புல்க் கிளாஸ் திரும்பி, பிக் பாதையில் இறங்குங்கள். லிவெத்தை விட்டுவிடுங்கள். ஆளுக்கு ஒரு தலைவிளக்கு, ஒரு விசில், ஒரு கனமான மேலாடை. விளக்கு நாலு வேண்டும், ஒன்று போதாது.

மலைநாடன் | புதன், காலை 8:45

யாழ்நிலா சொன்னதில் சேர்க்க ஒன்றும் இல்லை. எட்டு மணிக்கு நடக்க ஆரம்பியுங்கள், அதற்குப் பின் வேண்டாம்.

பர்மிங்காம் செல்வம் | சனி, இரவு 9:50

கார்த்தி, கிளம்பினீர்களா? நாளை மேலே காற்று 40 மைல் காட்டுகிறது.

யாழ்நிலா | ஞாயிறு, இரவு 7:15

தம்பி, இறங்கிவிட்டீர்களா? ஒரு வரி போடுங்கள்.

லூட்டன் கார்த்தி | திங்கள், பகல் 12:48

மன்னிக்கவும், மேலே சிக்னல் இல்லை, வந்ததும் தூங்கிவிட்டோம். சனி இரவே வந்து தங்கினோம். புல்க் எ மோக்கிலேயே நிற்க முடியாத காற்று. மச்சான்தான் முதலில் வேண்டாம் என்றான். நாலு பேரும் பிக் பாதையில் ஏறி மைனர்ஸ் பாதையில் இறங்கினோம், மூன்றரைக்குக் காரில் இருந்தோம். செம்முகட்டைக் கீழேயிருந்து பார்த்தோம், மேகத்துக்குள் போய்ப்போய் வந்தது. மே மாதம் வருகிறோம். எல்லோருக்கும் நன்றி.

பாறைப்பல்லி | திங்கள், பகல் 1:05

நல்லது. அந்த ஷூ எந்த மாடல்?