அப்புத்தளைப் பக்கம் நடக்கிறவர்களிடம் ஓர் உதவி

வணக்கம். வரும் போயா (பௌர்ணமி) நாளுக்கு நாங்கள் ஐந்து பேர் அப்புத்தளையிலிருந்து இதல்கஸ்ஹின்ன வரை தோட்டப் பாதையால் நடக்க இருக்கிறோம். ஒரு வாரமாகப் பின்னேரம் ஆனால் அடைமழை.

போன ஞாயிறு கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன். தேயிலை நிரைக்கு மேலே மண் பிளந்திருந்தது, என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. சற்றுத் தள்ளி, பாதையோரம் புதிதாக ஓர் ஊற்று, பால் தேத்தண்ணி நிறத்தில். தெளிந்த நீர் என்றால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். கலங்கி வருவது உள்ளே மண் கரைகிறது என்பதற்கு அடையாளம் என்று அம்மா சொல்வார். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண்சரிவில் லயன்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) புதைந்ததைப் பார்த்த ஊர்க்காரர் நாங்கள், பயம் சும்மா வராது.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பார்க்கிறேன். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அபாயம் கூடக்கூட நிறம் மாறுவது எல்லாம் சரி, ஆனால் அது பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும். நான் நடக்கும் சரிவுக்கு எப்படிப் பொருத்துவது?

இந்த வாரம் அந்தப் பாதையால் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்த வெடிப்பு பெருத்திருக்கிறதா? மழை விட்டு எத்தனை நாள் பொறுத்துப் போவீர்கள்? அப்புறம், வீட்டில் போத்தல் வைத்து மழை அளக்கிறவர்கள் இருந்தால் அளவைச் சொல்லுங்கள். தம்பிமார் ரயில் பாதையால் போகலாம் என்கிறார்கள், அதற்கு நான் சம்மதமில்லை.