தலைவர் இல்லாத போராட்டம் ஜெயித்ததுண்டா?

தேநீர்ப்பிரியன்: கட்சி, தலைவர் எதுவும் இல்லாமல் மக்களே நடத்திய அறப்போராட்டம் ஏதாவது உருப்படியாக ஜெயித்திருக்கிறதா? எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை.

வடக்குவாசல்: நார்வே, 1942. ஆசிரியர்கள் எல்லோரும் தன் நாஜிச் சங்கத்தில் சேர வேண்டும் என்றது, ஹிட்லரின் ஜெர்மனிக்குக் கைப்பாவையாக அங்கே இருந்த குவிஸ்லிங் அரசு. சுமார் 12,000 ஆசிரியர்களில் பெரும்பாலானோர், முடியாது என்று ஒரே வாசகத்தைத் தனித்தனிக் கடிதமாக எழுதி, சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கைது செய்து, அதில் பலரை வடகோடியில் இருக்கும் கிர்கெனெஸ் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க அனுப்பியும் மசியவில்லை. கடைசியில் அரசுதான் இறங்கி வந்தது, கைதான ஆசிரியர்களை நவம்பருக்குள் விட்டுவிட்டார்கள்.

மழைக்குருவி: சரி, ஆனால் அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தது ஆஸ்லோவில் இருந்த ரகசியக் குழு. முழுக்கத் தலைமையே இல்லை என்று சொல்ல முடியாதே. அதற்கு ஹாங்காங் 2019 பொருத்தம். டெலிகிராமில் வாக்கெடுத்து, 'தண்ணீர் மாதிரி இரு' என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சீனாவுக்கு அனுப்ப வழிசெய்யும் நாடுகடத்தல் மசோதாவை எதிர்த்துத்தான் அந்தப் போராட்டம்; அது வாபஸ் ஆனது. ஆனால் 2020 ஜூனில் எதிர்ப்புக் குரல்களை ஒடுக்கும் சீனாவின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது.

தேநீர்ப்பிரியன்: அப்போ அது ஜெயித்த கணக்கா, தோற்ற கணக்கா?

மழைக்குருவி: மசோதாவில் ஜெயம். மற்றதில் தோல்விதான்.