அக்ரிமென்ட் முடிந்தால் மறுநாளே கடைக்குப் பூட்டா?

அட்டன் கடைக்காரன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: "அக்ரிமென்ட் முடிந்த மறுநாளே கடைக்குப் பூட்டுப் போடலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை." வாசித்ததில் இருந்து மனம் கொதிக்கிறது. 18 வருடமாக வாடகைக் கடையில் வயிறு வளர்க்கிறேன். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வீட்டுக்கு மட்டுமா? அதற்குள் வரும் கடைகளுக்கும்தான். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் யாரையும் எழுப்ப முடியாது.

பண்டாரவளை ஓனர்:
எழுதியது நான்தான். என் வாடகைக்காரர் இரண்டு வருடம் என்று கையெழுத்துப் போட்டார், இரண்டு வருடம் முடிந்தது. பிறகென்ன பேச்சு? குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மீட்க 2023 இல் 1 ஆம் இலக்கச் சட்டமும் வந்துவிட்டது.

அட்டன் கடைக்காரன்:
அதுவும் நீதிமன்றத்துக்குப் போகிற வழிதான் அண்ணன், பூட்டுப் போடுகிற வழி இல்லை. உங்கள் அக்ரிமென்ட் நொத்தாரிசு முன் எழுதியதா?

பண்டாரவளை ஓனர்:
முத்திரை ஒட்டியிருக்கிறது, இரண்டு பேர் சாட்சி. போதும்.

அட்டன் கடைக்காரன்:
போதாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்த இரண்டு வருடக் கணக்குச் செல்லாது, அவர் மாத வாடகைக்காரர். நோட்டீஸ் கொடுத்து, மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடுங்கள்.

நுவரெலியா தம்பி:
நானும் கடை உரிமையாளர்தான். ஏப்ரல் சீசனில் உழைத்துவிட்டு, மழை தொடங்கியதும் வாடகைக்குத் தவணை கேட்பவர்களை எனக்கும் தெரியும். ஆனாலும் பூட்டில் கை வைக்காதீர்கள். என் மாமா வைத்தார். ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில், அதாவது இடம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற தகராறுக்கான பிரிவில், வழக்கு வந்தது, ஆரம்ப நீதிமன்றம் கடையைத் திறந்துவிடச் சொன்னது.

பண்டாரவளை ஓனர்:
உங்கள் மாமாவுக்கு நல்ல லோயர் இல்லை. கடைக்காரரே, உங்கள் தம்பி என் கடையை விட்டுப் போகும்போது மூன்று மாதக் கரண்ட் பில்லை என் தலையில் போட்டுவிட்டுப் போனார். நீங்கள் எனக்குச் சட்டம் சொல்கிறீர்களா?

அட்டன் கடைக்காரன்:
பில் கட்டியாயிற்று, ரசீது இருக்கிறது. கூரைத் தகரம் மாற்றிய காசை நீங்கள் அவனுக்கு இன்னும் கொடுக்கவில்லை, அதையும் எழுதுங்கள். எழுதிவிட்டு, நொத்தாரிசு உறுதி இருக்கிறதா என்று ஒரு சொல்லில் சொல்லுங்கள்.

நுவரெலியா தம்பி:
என் மாமாவின் லோயரை ஏன் இழுக்கிறீர்கள்?

பண்டாரவளை ஓனர்:
தகரம் மாற்றச் சொல்லி நான் கேட்கவே இல்லை. முதலில் அந்த ரசீதைப் போடுங்கள், பார்ப்போம்.

அட்டன் கடைக்காரன்:
நொத்தாரிசு?