டோக்கியோ ஆன்சைட் தனியா போறேன், போயிட்டு வந்த பொண்ணுங்க சொல்லுங்க

பெரம்பூர்பொண்ணு:
சென்னையில டெஸ்டிங் லீடா இருக்கேன், டோக்கியோ கிளையண்ட் சைட்டுக்கு ஒன்றரை வருஷம் போகச் சொல்றாங்க. டீம்ல நான் ஒருத்திதான் பொண்ணு, சுத்த சைவம் வேற. வீட்டுக்காரர் வேலைய விட்டுட்டு கூட வரவான்னு கேக்குறார், மாமியார் வீட்ல பொண்டாட்டி பின்னாடி போறதான்னு ஒரே பேச்சு. வேலைக்கு பயமில்ல, சாயங்காலம் வீட்டுக்கு வந்து தனியா உக்காரணுமேன்னுதான் பயம்.

நிஷிகசாய்அக்கா:
வாழ்த்துக்கள்மா, தைரியமா போ. வீடு நிஷிகசாய் பக்கம் பாரு, நம்ம ஐடி ஆளுங்க நிறைய பேர் அங்கதான், பருப்பு மசாலா எல்லாம் கிடைக்கும், தோசாய் மெட்ரோ லைன்ல ஏறினா ஆபீஸுங்க நிறைய இருக்குற ஓத்தேமாச்சிக்கு நேரா போகலாம் ஆனா காலையில கூட்டம் பிதுங்கும், பொம்பளைங்களுக்கு மட்டும்னு ஒரு பெட்டி விடுவாங்க அதுலயே ஏறு. வீட்டுக்கு குடிபோன 14 நாளைக்குள்ள வார்டு ஆபீஸ்ல அட்ரஸ் பதிஞ்சிடணும். சாப்பாட்டுல உஷார், காய்கறி மட்டும்தான்னு சொல்லி குடுக்குற மிசோ சூப்லயும் அனேகமா நம்ம மாசிக்கருவாடு மாதிரி காஞ்ச மீன் சாறு இருக்கும். "மீன் சாறும் வேண்டாம்"னு ஜப்பானீஸ்ல ஒரு அட்டையில எழுதி பர்ஸ்ல வச்சுக்கோ.

கோவைதமிழச்சி:
அக்கா சொன்னது சரி, ஆனா நிஷிகசாய்லயே அடைஞ்சு கிடக்காதீங்க தோழி, ஆபீஸ்ல ஒட்டவே முடியாது. நோமிகாய்னு வேலை முடிஞ்சு குடிக்க கூப்பிடுவாங்க, நம்ம பொண்ணுங்க பாதி பேர் அதுக்கு பயந்தே வீட்டுக்கு ஓடிடுறாங்க, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம், ஏன்னா மீட்டிங்ல வாயே திறக்காத சீனியர் எல்லாம் அங்கதான் மனசு விட்டு பேசுவாங்க, அடுத்த சாஃப்ட்வேர் ரிலீஸ்ல எது இடிக்கும்னு அங்கயே தெரிஞ்சிடும். ஊலாங் டீ சொல்லிட்டு உக்காருங்க, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. அடுத்த கடைக்கு கூப்பிட்டா மட்டும் கும்பிடு போட்டு கிளம்பிடுங்க.

பெரம்பூர்பொண்ணு:
ரொம்ப நன்றி அக்கா, தோழி. அவர் வந்தா அங்க வேலை பாக்க முடியுமா?

நிஷிகசாய்அக்கா:
டிபெண்டன்ட் விசால, அதாவது உன் புருஷன்ங்கிற முறையில கிடைக்கிற விசால வந்தா இமிக்ரேஷன்ல தனியா பெர்மிஷன் வாங்கணும், அதுவும் வாரம் 28 மணி நேரம் வரைக்கும்தான். முழுநேர வேலைன்னா ஒரு கம்பெனி அவருக்கு வேலை விசா எடுக்கணும். இப்பவே வேலைய விட வேண்டாம், லீவு போட்டு வந்து பாக்கட்டும். ஊர் பேசுறத விடு, நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணுங்கம்மா.