'நிலமீட்பு' வேண்டாம், 'தூர்ப்பு' போதும்

சுற்றாடல் கலைச்சொல் பட்டியல் தயாரிக்கிற நமது குழு நண்பர்களுக்கு வணக்கம்.

'வெட்லாண்ட்' என்பதற்குச் சதுப்பு நிலமா ஈரநிலமா என்று போன வாரம் முழுக்க அடிபட்டு, ஒருவாறு ஈரநிலத்தில் வந்து நின்றோம். எனக்கு அதில் முழுத் திருப்தி. யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்துத் தரவைகளில், அதாவது தாழ்வான வெளிகளில், மாரியில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஆடியில் அதே இடம் மாடு மேயும் கட்டாந்தரை. சதுப்பு என்று எழுதிவைத்தால், ஆடியில் பார்க்க வருகிற உத்தியோகத்தர் "எங்கே சதுப்பு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். சரி, அது முடிந்த கதை.

இப்போது அடுத்த சொல். அந்த ஈரநிலத்தில் மண் கொட்டி மேடாக்குவதை ஆங்கிலத்தில் 'ரெக்ளமேஷன்' என்கிறார்கள். நமது பட்டியலில் அதற்கு நேரே 'நிலமீட்பு' என்று இருக்கிறது. அதைத் தூக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் அகராதியில் கிடைக்கவில்லை, எங்கள் வீட்டு விறாந்தையில் கிடைத்தது. எதை மொழிபெயர்த்தாலும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுவது என் வழக்கம். அவருக்கு விளங்காதது ஊருக்கும் விளங்காது. சுற்றாடல் அறிவித்தல் ஒன்றின் வரைவை வாசித்துக்கொண்டு போனேன். "தாழ்நிலப் பகுதியின் நிலமீட்புக்கான" என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார். "ஆமி விடப்போறாங்களே தம்பி? எந்தப் பக்கத்துக் காணி?"

1990இல் போரில் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பி வந்தவர் அவர். ஆமி (இராணுவம்) பிடித்து வைத்த காணி திரும்பக் கிடைப்பதுதான் அவருக்கு மீட்பு. இந்த மண்ணில் காணியையும் மீட்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு எப்படி விளங்கும்? இல்லைப் பெரியம்மா, பள்ளத்துக்கு மண் போட்டு மேடாக்கப்போகினம், ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரச் சொல்லுகினம் என்று விளக்கினேன். "அப்ப தூர்க்கப்போகினம் எண்டு எழுதன்" என்றார்.

இது சொல்லாராய்ச்சிக்காரருக்கு மட்டுமான கவலை இல்லை. இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில், 1988இன் திருத்தம்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை, அதாவது ஒரு வேலை சுற்றாடலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே பார்க்கிற ஆய்வை, கொண்டுவந்தது. மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும் (அரசிதழிலும்), சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மொழிக்கொரு பத்திரிகையிலும் அறிவித்தல் போட வேண்டும். மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள். அந்த 30 நாளும் தமிழ் வாசகருக்கு இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. காணி கிடைக்கப்போகிறது என்று நினைக்கிறவர் ஆட்சேபம் எழுதுவாரா?

எந்த வேலைக்கு இந்த ஆய்வு கட்டாயம் என்பதை 1993ஆம் ஆண்டு வர்த்தமானி வரிசைப்படுத்துகிறது. அதில் ஈரநிலத்தை மேடாக்குவதற்கு வைத்த அளவு 4 ஹெக்டேயருக்கு மேல். காணியைப் 'பரப்பு' என்று அளக்கிற எங்கள் யாழ்ப்பாணக் கணக்கில் ஏறத்தாழ 158 பரப்பு. இரண்டு பரப்பு, மூன்று பரப்பு என்று துண்டு போட்டு, டிப்பரில் கிரவல் இறக்குகிறவர் அந்த அளவின் பக்கமே போக மாட்டார். அது சட்டத்தின் சிக்கல், நமது குழுவின் வேலை இல்லை. ஆனால் அளவைத் தாண்டுகிற வேலைக்காவது சரியான பெயர் இருக்கட்டும்.

ஆங்கிலத்திலும் அந்தச் சொல் ஒழுங்காக இல்லை. அமெரிக்காவில் 1902இல் தொடங்கிய ரெக்ளமேஷன் திணைக்களத்தின் வேலை வறண்ட நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவது. சுரங்கம் தோண்டிப் பாழான நிலத்தைச் சீராக்குவதற்கும் அதே பெயர். தண்ணீர் நிற்கிற நிலத்தை மேடாக்குவதற்கும் அதே பெயர். மூன்று வேலைக்கு ஒரு சொல் அவர்கள் வைத்திருக்கிறார்கள் என்பதற்காக நாமும் வைக்க வேண்டுமா? அவர்களுடைய அனுமதிச் சட்டமே இந்த இடத்தில் நேராகப் பேசுகிறது. 1972இன் தூய நீர்ச் சட்டம், 404ஆம் பிரிவு, நீர்நிலையில் 'தூர்வாரிய மண்ணையோ நிரப்புப் பொருளையோ' இடுவதற்குத்தான் அனுமதி கேட்கச் சொல்கிறது. நிலத்தை மீட்பது பற்றி அங்கே பேச்சில்லை.

இனி, நிலமீட்புக்குப் பதில் தூர்ப்பு என்று நான் சொன்னதற்கு வந்த மறுப்புகள். தூர்ப்பு என்றால் தூர்வாருவதோடு குழம்பும் என்று சென்னை நண்பர் எழுதினார். நியாயம், ஆனால் தூரை வாருவதும் தூர்ப்பதும் எதிரும் புதிரும் என்பது கிணறு வைத்திருக்கிற எவருக்கும் தெரியும். அதைவிட, இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தீர்வு, தீர்ப்பு போலத் தூர்வு, தூர்ப்பு. குளம் தானாக வண்டல் ஏறி மேடானால் தூர்வு. ஆள் வைத்து மண் கொட்டினால் தூர்ப்பு. மதிப்பீட்டு அறிக்கையில் இரண்டும் பிரிந்து நிற்க வேண்டிய இடங்கள் நிறைய.

தூர்ப்புக்குப் பதில் 'நிரவல்' வைக்கலாமே என்றால், அது நல்ல சொல்தான், ஊரிலும் புழங்குகிறது. ஆனால் கணக்கில் அதற்குச் சராசரி என்றொரு பொருள் உண்டு, கச்சேரியில் வேறொரு பொருள். (அறிவித்தலைப் பார்த்துவிட்டு யாராவது தம்புராவோடு வந்தால் நான் பொறுப்பில்லை.)

நமது குழுவின் பொறியியலாளர் ஐயாவின் மறுப்புத்தான் கனமானது. தூர்ப்பு என்பதில் குற்றச்சாட்டின் வாடை அடிக்கிறது, சட்டச்சொல் பக்கம் சாயக்கூடாது என்கிறார். ஐயா, மீட்பு மட்டும் நடுநிலையா? அங்கே நிலம் ஏற்கனவே நமதாக இருந்ததுபோலவும், தண்ணீர் அதைப் பறித்து வைத்திருந்ததுபோலவும் அல்லவா அந்தச் சொல் பேசுகிறது? தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் தாண்டி அராலியில் கடலேரிக்குள் விழுகிற வழுக்கையாற்றின் பள்ளம் கோடையில் காய்ந்து கிடந்தாலும் அது தண்ணீரின் இடம். மாரி மழை அங்கே தேங்கித்தான் சுண்ணக்கல்லுக்குள் இறங்குகிறது. உவர் நீருக்கு மேலே மிதக்கிற நல்ல தண்ணீர் அப்படி ஊறுவதால்தான் எங்கள் கிணறுகள் குடிக்க உதவுகின்றன.

இன்னொன்று. அனுமதிப்பத்திரத்துக்கு நிபந்தனையாக, ஓரிடத்தில் நிரப்பினால் இன்னோரிடத்தில் கெட்டுப்போன ஈரநிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்வதுண்டு. அதற்கு 'ஈரநில மீட்பு' என்பதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் மீட்பையே வைத்தால் அந்த நிபந்தனை 'மீட்புக்கு ஈடாக மீட்பு' என்று வந்து நிற்கும். நான் ஒரு வரைவில் அப்படியே எழுதி, இரவு முழுக்கக் கவனிக்காமல் விட்டிருந்தேன்.

ஆகவே முன்மொழிவது: ஈரநிலத் தூர்ப்பு, தூர்ப்பு அனுமதிப்பத்திரம், தூர்ப்பு மண், தூர்த்த பரப்பு. கொழும்புத் துறைமுக நகரத்தின் 269 ஹெக்டேயர் போன்றதற்குக் கடல் தூர்ப்பு. சுரங்க நிலத்துக்குச் சீராக்கம், வறண்ட நிலத்துக்கு நீரூட்டு. இந்த இரண்டிலும் எனக்குப் பிடிவாதம் இல்லை.

நேற்றுத் திருத்திய வரைவைப் பெரியம்மாவுக்கு வாசித்தேன். இந்தமுறை கண்ணாடியைக் கழற்றவில்லை. "எத்தினை பரப்பு தூர்க்கினம்?" என்று கேட்டார். வரைவில் ஹெக்டேயர்தான் இருக்கிறது. பக்கத்தில் பரப்பையும் எழுதிச் சேர்க்கலாமா என்று இன்று கேட்டுப் பார்க்க வேண்டும்.