பொருள்: பச்சிளங்குழந்தையின் மஞ்சளுக்குக் கலைச்சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். பிரசவ வார்டில் தாய்மார்களுக்குக் கொடுக்கும் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் தோன்றி, நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானே மறையும் ‘ஃபிசியாலஜிக்கல் ஜான்டிஸ்’ என்பதை ‘உடலியங்கியல் காமாலை’ என்று எழுதியிருக்கிறேன். வேறு நல்ல சொல் உண்டா?

தமிழாசிரியர்:
‘காமாலை’ வடமொழிக் ‘காமலா’வின் வழி வந்தது. மேனி நிறம் மாறுவதற்கு நம்மிடம் ‘பசலை’ இருக்கிறது. குறளில் 119ஆம் அதிகாரம் முழுவதும் பசப்புதான். பசலை, பசுமை, பச்சிளமை, சிறுவனைக் குறிக்கும் ‘பைதல்’ ஆகிய அனைத்தும் ஒரே வேரின் கிளைகள் என்பது என் துணிபு. ஆகவே ‘மகப்பசலை’ என்க.

குழந்தை மருத்துவர்:
ஐயா, பசலை பிரிவுத்துயரின் நிறம். இதுவோ சிவப்பணுக்கள் விரைந்து சிதைய, முதிராத கல்லீரல் ஈடுகொடுக்க முடியாமல் தேங்கும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியின் நிறம். ‘காமாலை’யையும் நான் ஏற்கமாட்டேன். அச்சொல்லைக் கேட்டதும் வீட்டார் கீழாநெல்லியைத் தேடுகிறார்கள், தாய்க்குப் பத்தியம் வைக்கிறார்கள், சிலர் தாய்ப்பாலையே நிறுத்துகிறார்கள். பால் குறைந்தால் மலம் கழிவது குறையும். குடலுக்கு வந்த பிலிருபின் மீண்டும் இரத்தத்தில் ஏறும். ‘இயல்பு மஞ்சள்’ போதும்.

செவிலியர்:
மன்னிக்கவும் டாக்டர், ‘இயல்பு’ என்ற சொல்தான் எனக்கு அச்சமூட்டுகிறது. முதல் 24 மணி நேரத்துக்குள் தெரியும் மஞ்சள் இயல்பானதன்று. நெற்றியை விரலால் அழுத்தி எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, பிறகு மார்பு, வயிறு, உள்ளங்கால் என்று பார்த்துவந்தாலும், இரத்தப் பரிசோதனை இல்லாமல் அளவை உறுதியாகச் சொல்ல முடியாது. தலைப்பில் ‘இயல்பு’ என்று படித்த தாய், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும்போதும் காத்திருந்துவிட்டால், பிலிருபின் மூளையில் படிந்து செவித்திறன் போகலாம், உயிரும் போகலாம். நீல ஒளிச் சிகிச்சைக்கு ‘லைட்டில் வைப்பது’ என்றே எழுதுங்கள். வார்டில் எல்லாரும் சொல்வது அதுதான்.

மொழிபெயர்ப்பாளர்:
தலைப்பு ‘பச்சிளங்குழந்தை மஞ்சள்’ என்று மட்டும் இருக்கட்டும். எப்போது தானே மறையும், எப்போது உடனே வர வேண்டும் என்பதை அடுத்த இரு வாக்கியங்களில் சொல்லிவிடுகிறேன். மூவர் இசைந்துள்ளனர், அச்சுக்கு அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
‘மஞ்சள்’ நிறப்பெயர், நோய்ப்பெயர் ஆகாது. கையேட்டுக்கு இசைகிறேன், கலைச்சொல் பட்டியலுக்கு இசையவில்லை. அங்கே ‘மகப்பசலை’யும் இடம்பெற வேண்டும்.