பெற்றோல் ஓட்டோவை மின்சாரத்துக்கு மாற்ற அரச உதவி கிடைக்குமா?

உப்புவெளி ஓட்டுநர்:
திருகோணமலைப் புகையிரத நிலையத்துக்கும் நிலாவெளிக்கும் இடையே முச்சக்கர வண்டி ஓட்டுகிறேன். 2022 இல் எரிபொருள் வரிசையில் கழித்த இரவுகளுக்குப் பிறகு (சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டு!), இயந்திரத்தைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பொருத்தலாமா என்று யோசித்து வருகிறேன். அரசின் உதவி எந்த வடிவில் வருகிறது?

கந்தளாய் வாசகர்:
ஐயா, நம் நாட்டில் அந்த உதவி கைக்கு வரும் பணமாக அல்லாமல் பெரும்பாலும் வரியின் ஏற்ற இறக்கமாகவே வந்திருக்கிறது. 2015 இல் குறைந்த வரியை நம்பி மின்கார்கள் பெருமளவில் இறக்குமதியாகின. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே வரவு செலவுத் திட்டம் வரியை உயர்த்தியது. 2020 இல் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இன்னொரு குறையும் உண்டு: வாகனத்தை இறக்கும்போது அறவிடும் உற்பத்தி வரி இயந்திரக் கொள்ளளவையோ மோட்டாரின் வலுவையோ (கிலோவாற்) பார்க்கிறதே தவிர, ஒரு லீற்றரில் வண்டி எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதைப் பார்ப்பதில்லை. சிறிய இயந்திரம் எல்லாம் சிக்கனமானது அல்ல என்பது ஓட்டுபவர்களுக்குத் தெரியும்.

மூதூர் ஆசிரியர்:
வரிச்சலுகையைவிடக் கட்டாய விதிகளே இதுவரை அதிகம் சாதித்தன என்பது என் கருத்து. 2008 இல், அதிகம் புகை கக்கும் இரு வீச்சு (two-stroke) இயந்திர முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையும் அவ்வாண்டிலேயே கட்டாயமானது. மின்சாரம் தூய்மையானதா என்று கேட்பவர்கள் நுரைச்சோலை மின்நிலையத்தில் எரிக்கும் நிலக்கரியைச் சுட்டுவது நியாயமே. ஆனால் நிலக்கரி மின்நிலையம் வரவிருந்த நம் மாவட்டத்துச் சம்பூரில் அத்திட்டம் 2016 இல் கைவிடப்பட்டு, 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்தின் பணிகள் 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டன.

கந்தளாய் வாசகர்:
செலவுக் கணக்கில் ஒன்றை மறக்க வேண்டாம். நேர அடிப்படைக் கட்டணத்தில் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை மின்சாரம் மலிவு. உங்கள் இணைப்புக்கு அது கிடைக்குமா என்று உங்களுக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்தில் முதலில் கேளுங்கள். மோட்டார் மாற்றினால் பதிவுச் சான்றிதழில் எரிபொருள் வகையைத் திருத்தி, காப்புறுதிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும்.

உப்புவெளி ஓட்டுநர்:
இருவருக்கும் நன்றி. லீசிங் தவணை இன்னும் முடியாததால், பதிவைத் திருத்த லீசிங் நிறுவனத்தின் சம்மதமும் தேவைப்படும் போலிருக்கிறது. நாளை அங்கிருந்தே தொடங்குகிறேன்.